ராஜாவின் குரலும் ராஜாவின் குணமும்

(எம்.ரெட்டியபட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னணிப் பாடகரும் இசையமைப்பாளருமான ஏ. எம். ராஜாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கேயோ சென்னையில் பாடிய ஒருவரைப் பற்றி நம் கரிசல் காட்டில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது. நான் அவரைச் சந்தித்ததே இந்த மண்ணில்தான். சந்தித்தது அவருடைய பெயரை மட்டும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டால் அருப்புக்கோட்டையிலிருந்து ரேடியோ செட் வந்து இறங்கும். ஊரில் கரண்ட் எல்லா இடத்துக்கும் வராத காலம். பேட்டரிப் பெட்டி, ஆம்பிளிஃபயர், இரண்டு குழாய், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு, எல்லாம் மாட்டுவண்டியில் வரும். வேப்பமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குப் பொங்கல் தொடங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். மிளகாய் பறிக்கிறவர்களும் பருத்தி எடுக்கிறவர்களும் பாட்டைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

ரேடியோ செட் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைப்பது எங்களுக்கெல்லாம் பெரிய பதவி. சின்ன டப்பாவிலிருந்து புது ஊசியை எடுத்துத் திருகுவார். தட்டை வேட்டி முனையால் வட்டமாகத் துடைப்பார். ஊசியை மெல்ல வைப்பார். கொஞ்ச நேரம் ‘கரகர’வென்று சத்தம் வரும். அப்புறம்தான் பாட்டு. அன்றைக்கு அவர் போட்டது ‘கல்யாணப் பரிசு’. “யாருண்ணாச்சி பாடுறது?” என்று கேட்டேன். “இதுகூடத் தெரியாதா? ஜெமினி கணேசன்” என்றார். பாட்டு முடிந்ததும் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க அப்போதுதான் பழகியிருந்தேன். நடுவட்டத்தில் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். ஏ, எம், ராஜா. இதே பெயர் அந்தத் தட்டில் இன்னொரு இடத்திலும் இருந்தது. பாடியவரும் அவரே, இசையமைத்தவரும் அவரே.

அன்றிலிருந்து அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். அப்படிப் போனதில் நான் கண்டுகொண்ட ஒரு செய்தியைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன். ராஜாவின் பாட்டைக் கொண்டாடுகிறவர்கள், “குரல் அமிர்தம், ஆனால் ஆள் பிடிவாதக்காரர், அதனால்தான் கெட்டுப்போனார்” என்று சொல்வது வழக்கம். குரலை ஒரு தட்டிலும் குணத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கிறார்கள். என் மனசுக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டுகளை நமக்குக் கொடுத்ததே அந்தப் பிடிவாதம்தான்.

ராஜா 1929 ஜூலை 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் ராமாபுரத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். குடும்பம் ரேணுகாபுரத்துக்கு வந்தது. ஆரணிப் பக்கம் பள்ளிப்படிப்பு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. தாய்மொழி தெலுங்கு, தமிழிலும் பாடினார். இது நமக்குப் புதிதில்லை. வீட்டுக்குள் தெலுங்கும் வாசல் தாண்டினால் தமிழுமாக வாழும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. இரண்டு மொழியில் புழங்குகிறவனுக்குச் சொல்லின் மேல் ஒரு தனிக் கவனம் இருக்கும். ராஜாவின் தமிழ் உச்சரிப்பில் அந்தக் கவனம் கேட்கும். ‘ழ’கரத்தை அவர் நழுவவிட்டதில்லை.

கல்லூரிக் காலத்திலேயே சொந்தமாக மெட்டமைத்த பாடல்களை இசைத்தட்டுக்குப் பாடினார். அந்தக் குரல் ஜெமினி எஸ். எஸ். வாசனின் காதுக்குப் போனது. 1951-இல் வந்த ‘சம்சாரம்’ படத்தில் பாட வைத்தார். தெருவெங்கும் அந்தப் பாட்டு ஒலித்தது. பட்டம் வாங்கிய கையோடு பாடகரும் ஆகிவிட்டார்.

அவர் வந்தபோது சினிமாப் பாட்டு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் தாத்தாமார் கேட்டது கிட்டப்பாவையும் பாகவதரையும். அந்தப் பாடகர்கள் இருவரும் நாடக மேடையில் வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டுமென்றால் குரலை வீசித்தான் பாட வேண்டும். சினிமா வந்த பிறகும் அந்த வீச்சு நின்றுவிடவில்லை. மைக் என்பது பக்கத்தில் நிற்கிற ஆளின் காது மாதிரி என்பதைப் புரிந்துகொண்டு பாடிய தலைமுறை ராஜாவுடையது. ராஜா உங்களிடம் பேசுவது போலப் பாடினார். காதலியின் காதோரம் சொல்ல வேண்டியதைக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியதில்லை என்பதைத் தமிழ்ச் சினிமாவுக்குக் கற்றுக்கொடுத்த குரல்களில் அது முக்கியமானது. வடக்கே தலத் மஹ்மூத் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். ராஜாவை அவரோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு.

1955-இல் ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. எஸ். ராஜேஸ்வரராவ் இசை. பி. லீலாவோடும் பி. சுசீலாவோடும் ராஜா பாடிய பாட்டுகளை இன்றைக்கும் மேடைக் கச்சேரியில் கேட்கிறோம். ஜெமினி கணேசனின் குரல் ராஜா என்று ஊர் முடிவுகட்டியது. எங்கள் ரேடியோ செட் அண்ணாச்சி ஏமாந்ததில் வியப்பில்லை, அவ்வளவு பொருத்தம். அதே வருஷம் ‘குலேபகாவலி’யிலும், 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலும், 1957-இல் ‘மகாதேவி’யிலும் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். 1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து முதலமைச்சர் ஆனாரே, அந்த எம்.ஜி.ஆர். திரையில் காதலித்த நாட்களில் அவருக்குக் குரல் கொடுத்தவர்களில் ராஜாவும் ஒருவர்.

‘குலேபகாவலி’யில் ஒரு மாலைப்பொழுதுப் பாட்டில் ராஜாவோடு பாடியவர் ஜிக்கி. பி. ஜி. கிருஷ்ணவேணி என்பது அவருடைய பெயர். சின்னப் பிள்ளையாக 1948-இல் ‘ஞானசௌந்தரி’யில் மாதாவை வேண்டிப் பாடித் தமிழ்நாட்டைக் கலங்க வைத்தவர். மைக்குக்கு முன்னால் சேர்ந்து நின்ற அந்த இருவரும் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள்.

இனி இசையமைப்பாளர் ராஜாவுக்கு வருகிறேன். 1959 ஏப்ரலில் ‘கல்யாணப் பரிசு’ வெளிவந்தது. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். தமிழில் பெரிய அளவில் இசையமைக்க ராஜாவுக்குக் கிடைத்த வாய்ப்பு. மூன்று இளைஞர்கள் கைகோத்த படம் அது. அவர்களில் பட்டுக்கோட்டையார் அந்த அக்டோபரிலேயே 29 வயதில் நம்மை விட்டுப் போனார்.

அந்தப் படத்தில் ஒரு மெட்டு இரண்டு தடவை வரும். முதலில் சுசீலாவின் குரலில், தீபாவளிக் குதூகலத்தோடு. மத்தாப்பு கொளுத்துகிற வேகம் தாளத்தில் இருக்கும். பிறகு அதே மெட்டு ராஜாவின் குரலில், எல்லாம் கைவிட்டுப் போன ஒருவனின் பாட்டாக வரும். தாளத்தின் நடையைத் தளர்த்தி, வாத்தியங்களைக் குறைத்து, குரலை மட்டும் முன்னால் நிறுத்தியிருப்பார். சோகத்துக்கென்று தனியாக ஒரு மெட்டைத் தேடிப் போகாமல், நம்மைச் சிரிக்க வைத்த அதே சுரங்களாலேயே அழவும் வைத்தார். நல்ல நாளில் வெடி வெடித்த அதே முற்றத்தில் அடுத்த வருஷம் விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டு அந்த வீடுதான்.

சைக்கிளில் போகிற காதலர் பாட்டும் அந்தப் படத்தில்தான். மிதிகட்டை சுற்றுகிற சீரில் தாளம் ஓடும். மூச்சு வாங்காமல், அவசரப்படாமல் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். ராஜாவின் இசையில் சொல் எப்போதும் மேலே இருக்கும். வாத்தியம் சொல்லை மூடாது. பட்டுக்கோட்டையாரின் எளிய சொல் ஒன்றுகூட அந்தப் படத்தில் வீணாகப் போகவில்லை.

அடுத்து ‘விடிவெள்ளி’, 1961-இல் காஷ்மீரில் எடுத்த ‘தேன் நிலவு’, 1962-இல் ‘ஆடிப்பெருக்கு’. ‘கல்யாணப் பரிசு’ தெலுங்கில் ‘பெள்ளி கானுக’ ஆனபோதும் இசை இவரே. ‘ஆடிப்பெருக்கு’ படத்தில், தனிமையில் இனிமை உண்டா என்று ராஜாவும் சுசீலாவும் கேள்வி கேட்டுப் பாடுவார்கள். கேட்டவரின் வாழ்க்கையே அதற்குப் பதிலாக அமையப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அப்படியென்ன நடந்தது? பிள்ளைகளுக்குப் புரியும்படி அந்தக் காலத்து ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைக்குப் பாடகர் ஒரு நாள் வந்து பாடுவார், தபேலாக்காரர் இன்னொரு நாள் வந்து வாசிப்பார், கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அப்படியில்லை. பாடகர், வயலின்காரர்கள், புல்லாங்குழல், தபேலா என்று எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பிசகாமல் வாசித்தாக வேண்டும். கடைசி அடியில் ஒரு வயலின் நழுவினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு டேக்குக்கும் பணம். கூடத்துக்கு வாடகை, வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட், ஃபிலிம் செலவு.

இப்படிப்பட்ட கூடத்தில், “எனக்குத் திருப்தியில்லை, இன்னொரு தடவை” என்று சொல்கிறவர் எத்தனை பேருக்கு வேண்டாதவர் ஆவார் என்று எண்ணிப் பாருங்கள். ராஜா அப்படிச் சொல்கிறவர். மனதில் இருந்த பாட்டு காதில் விழும் வரை விடாதவர். தயவுக்காகத் தலையாட்டத் தெரியாதவர். சினிமா உலகத்தில் ஒரு பாட்டு நன்றாக அமைவதற்கு வித்தை வேண்டும். அடுத்த பாட்டு கையில் கிடைப்பதற்கு அனுசரணை வேண்டும். முதலாவது அவரிடம் நிறைய இருந்தது. இரண்டாவதை அவர் சேர்த்து வைக்கவில்லை.

‘தேன் நிலவு’ ரீரிக்கார்டிங் சமயத்தில் அவருக்கும் ஸ்ரீதருக்கும் மனஸ்தாபம் வந்தது என்று திரையுலகில் சொல்வார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஸ்ரீதரும் தன் வேலையில் சமரசம் பாராத கலைஞர்தான். காய்ந்த கம்பு இரண்டு உரசினால் தீப்பிடிக்கத்தான் செய்யும். 1962-இல் ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தபோது இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. தமிழ்ச் சினிமாவில் அந்த இருவரின் பொற்காலம் அது. ஜெமினி கணேசனுக்குப் பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடினார். அவரும் நம்மைத் தாலாட்டிய குரல்தான். டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரம் இன்னொரு பக்கம் கொட்டகைகளை ஆண்டது. ராஜாவின் நாற்காலி மெல்ல மெல்லக் காலியானது. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. பாடகனுக்கு அது குரல் பழுக்கிற பருவம்.

குரல் போய்விட்டதா? இல்லை. அதே 1962-இல் மலையாளத்தில் ‘பார்யா’ படத்தில் தேவராஜன் இசையில் பெரியாற்றைப் பற்றி ராஜா பாடிய பாட்டு கேரளமெங்கும் பரவியது. 1969-இல் ‘அடிமகள்’ படத்தில் தாழம்பூ மணக்கும் இரவைப் பற்றி ஒரு பாட்டு பாடியிருக்கிறார். கேட்டுப் பாருங்கள். குரலில் ஒரு சுருக்கம் விழவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த மனிதர் இந்தப் பக்கம் ஏறக்குறைய பேச்சே இல்லாமல் இருந்தார். அந்தப் பத்து வருஷத்தில் அவர் பாடியிருக்க வேண்டிய தமிழ்ப் பாட்டுகளை நினைக்கிறபோது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெய்ய வேண்டிய மழை நம் கண்மாய்க்கு வராமல் மலைக்கு அப்பாலேயே பெய்து போனதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

1970-களின் தொடக்கத்தில் அவரை மறுபடி கூப்பிட்டவர்கள் உண்டு. வி. குமார் 1971-இல் ‘ரங்கராட்டினம்’ படத்தில் பாட வைத்தார். சங்கர் - கணேஷ் அழைத்தார்கள். 1973-இல் ‘வீட்டு மாப்பிள்ளை’க்கு ராஜாவே இசையமைத்தார். அந்தக் கதவுகளைத் திறந்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் பழைய வீடு திரும்பக் கிடைக்கவில்லை. ராஜாவும் ஜிக்கியும் மேடைக் கச்சேரிகளில் தங்களுடைய பழைய பாட்டுகளையே பாடி வந்தார்கள். ஊர் ஊராகப் போய் வருகிற கலைஞர்களின் வாழ்க்கை அது. ராத்திரி ரயில், விடிகாலை ஸ்டேஷன், கோயில் மைதானம், திரும்பவும் ரயில். நம் ஊர்ப் பொங்கலுக்கு நாடகம் போட வருகிற ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் வாய்த்திருக்கிற அதே அலைச்சல்.

1989 ஏப்ரல். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கோயில் கச்சேரிக்காகக் குழுவோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். திருநெல்வேலியைத் தாண்டி நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் வள்ளியூர். அந்த ஸ்டேஷனில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அறுபது வயது நிறையவில்லை. ‘கல்யாணப் பரிசு’ வெளியானதும் ஒரு ஏப்ரல் மாதத்தில்தான். நடுவில் சரியாக முப்பது வருஷம்.

என் உறவுக்காரர் வீட்டுக்கு நாகர்கோவில் போகிறபோதெல்லாம் வள்ளியூரில் ரயில் நிற்கும். கொஞ்ச நேரம்தான் நிற்கும். எல்லா ஸ்டேஷனையும் போலத்தான் அதுவும். சிமெண்ட் பெஞ்சு, தண்ணீர்க் குழாய், அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிற நாலு பேர். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பிளாட்ஃபாரத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாடுவதற்காகப் புறப்பட்ட ஒருவர், பாட வேண்டிய மேடைக்குப் போய்ச் சேராமல், இங்கே முடிந்துபோனார். அன்றைக்கு அந்தக் கோயில் வாசலில் பாயை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

இனி ஜிக்கியம்மா. அந்த வருஷம் வந்த ‘பாட்டுக்கு ஒரு தலைவன்’ படத்தில் இளையராஜா இசையில் மனோவோடு அவர் பாடிய பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் தலைமுறைக் குரலின் குழைவு அப்படியே இருக்கும். ராஜா போன பிறகும் அவர் கச்சேரிகளை விடவில்லை. புற்றுநோயோடு போராடி 2004 ஆகஸ்டில் கண்ணை மூடினார்.

இந்தக் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது, “கலைஞன் அனுசரித்துப் போக வேண்டும்” என்பதா? அப்படித்தான் பலரும் புத்தி சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சைக்கிள் பாட்டில் தாளம் அத்தனை சீராக ஓடுகிறதென்றால், அது சீராக வரும் வரை ஒரு மனிதர் விடவில்லை என்று பொருள். அந்தத் தீபாவளிச் சோகப் பாட்டில் ஒரு வாத்தியம்கூட மிகையாக இல்லையென்றால், மிகையானதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு இருந்தது என்று பொருள். ‘போதும்’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு இன்னும் இருபது படம் கிடைத்திருக்கலாம். நமக்கு இந்தப் பாட்டுகள் கிடைத்திருக்காது. விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் நாம். விலை கொடுத்தவர் அவர்.

நம் ஊர் நெசவாளியைப் பாருங்கள். அருப்புக்கோட்டைத் தறியில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுத்தான் மேலே ஓட்டுவார். அதனால் அன்றைக்கு ஒரு முழம் குறையும், கூலியும் குறையும். சேலையை வாங்கி உடுத்துகிறவர் அந்த முடிச்சைப் பார்க்க மாட்டார். சேலை கிழியாமல் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்த நெசவாளியைப் பிடிவாதக்காரர் என்று நாம் யாரும் சொல்வதில்லை. தொழில் தெரிந்தவர் என்கிறோம். ராஜாவுக்கும் அந்தச் சொல்தான் நியாயம்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடுகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். இப்போது ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. நடுவட்டத்துப் பொடி எழுத்தும் இல்லை. போனில் தொட்டால் பாட்டு வருகிறது. மேலே பெரும்பாலும் நடிகரின் படம்தான் தெரிகிறது. அன்றைக்காவது ஒரு சிறுவன் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. இன்றைக்கு அந்த வழியும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆகவே, பாட்டுக்கு முன்னால் பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். சினிமாக்காரர்களுக்கு மட்டும் இல்லை. நம் ஊருக்கு வந்து விடிய விடியப் பாடிவிட்டு விடிகாலை பஸ்ஸுக்கு நிற்கிற நாடகக்காரர்களுக்கும் நாயனக்காரர்களுக்கும் இதைச் செய்யுங்கள். அவர்கள் பிழையில்லாமல் பாடுவதற்கு என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள்வோம்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ‘ஆடிப்பெருக்கு’ப் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறேன். தம்பி, போடுவதற்கு முன்னால் மைக்கை எடுத்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொல்லுங்கள்: பாடியவர்கள் ஏ. எம். ராஜா, பி. சுசீலா. இசை, ஏ. எம். ராஜா.